மீதி வைக்கக் கூடாத கிண்ணம்

ஆயரம்மா வந்திருக்கிறார் என்று நர்ஸ் சொன்னால், நோயாளிகள் முதலில் அவளைத் தாண்டி வாசலைத்தான் பார்ப்பார்கள், ஆயர் எங்கே என்று. ஆயரின் மனைவியை ஆயரம்மா என்று கூப்பிட்டே எல்லோருக்கும் பழக்கம். இவளே ஆயர் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். "ஐயா வரலையா?" என்று கேட்கிறவர்களிடம், "ஐயா வாஷிங் மெஷினுக்குள்ள தலையை விட்டுட்டு இருக்காரு. நான் போதாதா?" என்பாள். பொய்யில்லை, அவள் கணவன் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவன். அந்தப் பதிலுக்கு ஒரு சிரிப்பு வந்துவிட்டால் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் பேச்சு, ஜெபம், சில நாள் வெறும் மௌனம். நோயாளிகளின் ஆத்துமாவைப் பார்த்துக்கொள்ளத்தான் மருத்துவமனை அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு படையே இருந்தது.

இந்த ஏற்பாடு தனக்கு எவ்வளவு வசதி என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். பயிற்சிக் கூட்டங்களில் அழகாகப் பேசுவாள். சரீரமும் ஆத்துமாவும் இரண்டு தனித்தனிச் சாமான்கள் இல்லை என்பாள். கடவுளே ஒரு தாயின் வயிற்றில் உடம்பெடுத்து வந்தார் என்று நம்புகிற நாம், உடம்பை மட்டமாக நினைக்கலாமா என்று கேட்பாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் எச்சில் என்றால் அவளுக்குக் குமட்டும். கோழை, வாயோரம் ஒதுங்கிய உணவு, குவளையின் விளிம்பில் காய்ந்த உதட்டுத்தடம், இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் போதும், வயிறு ஒரு சுற்று சுற்றி எழும். அதனால் நோயாளிகளின் நெற்றியைப் பார்த்துப் பேசும் பழக்கம் வந்துவிட்டது. நெற்றி சுத்தமான இடம். வியர்வையைத் தவிர அங்கிருந்து எதுவும் வழியாது.

சபையில் திருவிருந்தின்போது, கர்த்தரின் ரத்தமாகக் கருதி எல்லோரும் ஒரே கிண்ணத்திலிருந்து திராட்சரசம் குடித்துவந்ததை மாற்றி, ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் வாங்க வேண்டும் என்று கமிட்டியில் வாதாடி ஜெயித்ததும் அவள்தான். சுகாதாரம் என்று காரணம் சொன்னாள். சரிதான் என்று ஒத்துக்கொண்டார்கள். கடைசிவரை எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர், பாடகர் குழுவின் இடி.

இடி என்பது பட்டப்பெயர். பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவர். மைக் பழுதான நாட்களிலும் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது நிலையம் முழுக்கக் கேட்கும். பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று அவர் கீழ்க்குரலை இறக்கினால், பாட்டுப் புத்தகம் வைக்கும் பலகை கையில் கிணுகிணுக்கும். அவர் இடி என்றால் அவர் மனைவி மின்னல். எங்கேயும் அவள் முதலில் வந்துவிடுவாள், சத்தம் பின்னால் வரும்.

அந்த இடிதான் இப்போது மூன்றாம் மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் ஒரு குழாயோடு படுத்திருந்தார். பக்கவாதம். கை கால் மெல்லத் தேறிவிட்டன. வாயின் ஒரு பக்கம்தான் தொங்கிப்போய்விட்டது, தொண்டையும் விழுங்குவதை மறந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தால் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்பதால், மூக்குக் குழாய் வழியாக வயிற்றுக்கு நேரே கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது.

விழுங்கக் கற்றுக்கொடுக்க ஓர் இளம்பெண் தினமும் வருவாள். அவளுக்கு இடி வைத்த பெயர் விழுங்கு டீச்சர். அவளுடைய பாடம் விசித்திரமானது. நிமிர்ந்து உட்கார வேண்டும், தாடையை நெஞ்சை நோக்கி இறக்க வேண்டும், மசித்த உணவை ஒரு கரண்டி வாயில் வாங்கி விழுங்க வேண்டும். விழுங்கியதும் 'ஆ' என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் காய்ந்து தெளிவாக வந்தால் உணவு சரியான வழியில் போயிருக்கிறது. குரலில் ஈரம் கொழகொழத்தால் தப்பான இடத்தில் தங்கியிருக்கிறது. அவள் காதைச் சாய்த்துக் கேட்பதைப் பார்த்தால் வீணைக்குச் சுதி பார்க்கிறவள் மாதிரி இருக்கும்.

ஆனால் இடி வாயைத் திறந்தால்தானே. இரண்டு நாள் முயன்றுவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து கரண்டியைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டார். திங்கட்கிழமை பெரிய டாக்டர் வருவார், அதற்குள் விழுங்கும் அறிகுறி தெரியாவிட்டால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைத்துவிடுவார்கள் என்று டீச்சர் மின்னலிடம் சொன்னாள். துளை போட்டால் அதோடு வாழ்ந்துகொள்ளலாம், எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். ஆனால் அப்புறம் தொண்டை முயற்சி செய்வதையே விட்டுவிடும் என்றாள். விழுங்காத தொண்டை பாடவும் பாடாது.

மின்னல் ஆயரம்மாவைத் தாழ்வாரத்தில் மறித்துக்கொண்டாள்.

"நீங்க அவரோட ஆத்துமாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்கம்மா. அது சொன்னா வாய் திறக்கும். நான் சொன்னா வாய் திறக்கும்தான், ஆனா திட்டறதுக்கு."

ஆயரம்மா போய் உட்கார்ந்தாள். நெற்றியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். இடி பாதி வாயால் பதில் சொன்னார். சொற்கள் கொஞ்சம் குழறினாலும் கிண்டல் குழறவில்லை. சபையில் எந்த அடக்க ஆராதனையிலும் அவர் ஆறுதல் சொல்லும் பாணி ஒன்று உண்டு. உடம்பு வெறும் சட்டை, கிழிஞ்சா கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போறதுதான், உள்ள இருக்கிற ஆளு பத்திரமா இருக்காரு என்பார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இப்போது அதையே எடுத்து விட்டார்.

"சட்டைக்கு எதுக்கும்மா சாப்பாடு?"

அவள் விடவில்லை. ஞாயிறுதோறும் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறோமே, அதில் உடம்பும் உயிர்த்தெழும் என்றுதானே சொல்கிறோம், சட்டை உயிர்த்தெழும் என்றா சொல்கிறோம் என்று கேட்டாள். நல்ல கேள்விதான். பயிற்சிக் கூட்டத்தில் இதற்குக் கைதட்டல் கிடைத்திருக்கிறது.

இடியிடம் பதில் தயாராக இருந்தது. "உயிர்த்தெழும்போது வாய் நேரா வரும்ல, அப்ப சாப்பிட்டுக்கறேன்" என்றார். பிறகு, "அது கெடக்கட்டும். ஏன் என் நெத்தியையே பார்க்கறீங்க? அங்க மெனு கார்டா ஒட்டியிருக்கு?" என்றார்.

அவள் காது சிவந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒருவரும் கண்டுபிடிக்காததை இந்த மனிதர் படுத்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார். கண்ணைக் கீழே இறக்கப் பார்த்தாள். மூக்கு வரைக்கும் வந்தது. குழாயைப் பார்த்ததும் மறுபடி நெற்றிக்கே ஏறிவிட்டது.

பேச்சை மாற்ற வேண்டி, ஞாயிற்றுக்கிழமை வார்டில் திருவிருந்து கொடுப்பேன், உங்களுக்கும் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். எதற்கும் மறுக்கிறவர் இதற்கு மறுக்கமாட்டார் என்று நினைத்தாள். அவர் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. வேண்டாம் என்றார். கிண்டல் எதுவும் இல்லாமல், வெறும் வேண்டாம். பிறகு ஜன்னலோரம் நின்ற மின்னலைக் கீழே போய்ச் செய்தித்தாள் வாங்கி வரச் சொன்னார். செய்தித்தாள் தலையணையடியிலேயே இருந்தது. மின்னல் அதைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் போனதும் இடி கூரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"வழியும்மா" என்றார். "எனக்கே தெரியாம வழியும். இந்தப் பக்கம் உணர்ச்சியே இல்ல. கழுத்துல துணியைக் கட்டி, குழந்தைக்கு ஊட்டற மாதிரி ஊட்டி, அவ பார்த்துட்டு நிக்கறப்ப தாடையில வழியும். சோறு வழிஞ்சா தொலையுது. கர்த்தரோட ரத்தம்னு சொல்லிக் குடுக்கறதைத் தாடையில வழிய விடறதா? துணியில துடைச்சு வாளியில போடறதா? நான் அப்படி ஒரு காரியம் பண்ணமாட்டேன்."

அவளுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சட்டைத் தத்துவமெல்லாம் மேல்பூச்சு. உடம்பு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்கிறவருக்கு, உடம்பு ஒன்றுதான் இப்போது பொருட்டாக இருக்கிறது. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து கம்பீரமாகச் சாப்பிட்ட மனிதர், மனைவி முன்னால் வாய் ஒழுக உட்காரக் கூசுகிறார். கரண்டியை மறுப்பதும் கிண்ணத்தை மறுப்பதும் ஒரே மறுப்புதான். கூடவே வேறொன்றும் தோன்றியது, அது அவ்வளவு இதமாக இல்லை. இவர் எதற்குக் கூசுகிறாரோ, அதைப் பார்க்கத்தான் தானும் கூசி நெற்றியில் ஏறி உட்கார்ந்திருக்கிறோம். அது அவருக்குத் தெரிந்தும் இருக்கிறது.

சாயங்காலம் பேராயர் அலுவலகத்திலிருக்கும் மூத்த ஆயருக்குப் போன் செய்து யோசனை கேட்டாள். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். வாயால் வாங்க முடியாத நோயாளி மனதார விரும்பினாலே போதும், ஆத்துமாவில் அவர் புசித்தாயிற்று என்பது சபையின் பழைய போதனை, அதைச் சொல்லி ஜெபித்துவிட்டு வந்துவிடம்மா, வருத்தப்படாதே என்றார். அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவளே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லி, அவர்கள் நிம்மதியாகக் கண்மூடியதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் இடியிடம் போய் ஆத்துமாவில் சாப்பிட்டால் போதும் என்று சொன்னால், அவருடைய கிழிந்த சட்டைக் கதைக்குத் தானே பொத்தான் தைத்துக் கொடுத்ததாகிவிடும். அவருக்கு வாய் இருக்கிறது. வேண்டாம் என்கிறாரே தவிர முடியாது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

"தண்ணியா இருந்தா மூச்சுக்குழாய்க்குப் போயிடும், திராட்சரசத்தைக் கெட்டியாக்கிக் கொடுத்தா தப்பா ஐயா?" என்று கேட்டாள்.

"திராட்சரசம் திராட்சரசமா இருந்தா சரி. கெட்டியா இருக்கணுமா தண்ணியா இருக்கணுமான்னு யாரும் சட்டம் போடல" என்றார் அவர். பிறகு தாழ்ந்த குரலில், "பதம் எப்படி வந்துச்சுன்னு அப்புறம் சொல்லு" என்றார்.

விழுங்கு டீச்சருக்குத் திருவிருந்து பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இடி வாய் திறக்க ஒரு காரணம் கிடைத்தால் அவளுக்கு அதுவே போதும். அப்பம் கூடாது, துகள் தொண்டையில் நின்றுவிடும் என்றாள். ரசம் மட்டும் என்றால் சரி, கெட்டியாக்கும் மாவு ஒரு கரண்டி போட்டுக் கலக்கி, தேன் பதம் வரும்வரை பொறுக்க வேண்டும் என்று சொல்லி ஒரு டப்பாவைக் கொடுத்தாள். அப்பம் இல்லாமல் ரசத்தை மட்டும் பெற்றாலும் திருவிருந்து முழுமைதான், அதில் ஆயரம்மாவுக்குச் சந்தேகமில்லை.

இடியைச் சம்மதிக்க வைத்தது ஆயரம்மா இல்லை, மின்னல். செய்தித்தாள் வாங்கி வந்தவள் அதைக் கட்டிலில் போட்டுவிட்டு, "ரெண்டு பேப்பர் ஆச்சு. ஒண்ணைப் படிங்க, இன்னொண்ணைக் கழுத்துல கட்டிக்கங்க" என்றாளாம். தாழ்வாரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அன்று இரவு முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காலையில் அவர், சரி, ஒரே ஒரு கரண்டி என்றார்.

வீட்டில் ஆயரம்மா ஒத்திகை பார்த்தாள். திருவிருந்துக்கென்று வைத்திருக்கும் திராட்சரசத்தை ஒத்திகைக்கு வீணாக்க மனம் வரவில்லை, அதனால் தண்ணீரில் கலக்கினாள். ஒரு கரண்டி மாவு விழுந்ததும், கலக்கக் கலக்கவே தண்ணீர் தேன் பதத்துக்கு வந்துவிட்டது. கணவன் அதை விரலால் தொட்டுப் பார்த்து, வாஷிங் மெஷின் வடிகுழாயில் இந்த மாதிரி ஒன்றைத்தான் நேற்று எடுத்தேன் என்றான். அவள் அன்று மதியம் சாப்பிடவில்லை. அது புதிதும் இல்லை. வேலை இருந்தால் சாப்பாட்டை மறப்பது அவளுக்கு வழக்கம்.

ஞாயிறு மதியம் வார்டில் திரைச்சீலையைச் சுற்றி இழுத்துவிட்டார்கள். டீச்சர் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி இடியை நிமிர்த்தி உட்காரவைப்பதில் மும்முரமாக இருந்தாள். மின்னல் கழுத்துத் துணியைக் கட்டினாள். அவர் கல்யாணத்துக்கு டை கட்டுகிறவர் போல மோவாயைத் தூக்கிக் கொடுத்தார். ஆயரம்மா உணவு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, குட்டிக் கிண்ணத்தில் திராட்சரசம் ஊற்றி, மாவு ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். ரசம் தண்ணீராகவே இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு கரண்டி போட்டாள். அப்படியேதான். எல்லோரும் தன்னையே பார்ப்பது போல ஒரு படபடப்பு. குவித்து மூன்றாவது கரண்டியும் போட்டுவிட்டு, சரி, இறங்கிவிடுவோம் என்று ஜெபத்தை ஆரம்பித்தாள்.

தண்ணீரில் சட்டென்று கெட்டியாகும் மாவு, பழரசத்தில் நிதானமாகத்தான் வேலை செய்யும் என்பது அவளுக்குத் தெரியாது. அவளோ ஜெபத்தில் அவசரப்படுகிறவள் இல்லை. நோயாளிகளுக்காக, வைத்தியர்களுக்காக, பக்கத்துக் கட்டில்காரர்களுக்காக, தொலைவிலிருக்கும் பிள்ளைகளுக்காக என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தி, பிறகு அப்பத்தையும் கிண்ணத்தையும் ஆசீர்வதித்து முடித்தாள். மாவு அத்தனை ஜெபத்தையும் சாந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மின்னலுக்கு அப்பம் கொடுத்தாள், தானும் எடுத்தாள். இடியிடம் திரும்பிக் கரண்டியைத் தூக்கினாள். கரண்டியோடு கிண்ணமும் வந்தது.

உதறினாள். வரவில்லை. கிண்ணத்தைப் பிடித்துக் கரண்டியை இழுத்தாள். 'பொளக்' என்று ஒரு சத்தத்தோடு கரண்டி வெளியே வந்தது. உள்ளே கரண்டி அளவுக்கு ஒரு குழி அப்படியே நின்றது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அவள் கிண்ணத்தைக் கவிழ்த்தும் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"வழியாது" என்றார் இடி.

அவர்தான் முதலில் சிரித்தார். வயிற்றிலிருந்து கிளம்பி, கட்டில் கம்பி கிணுகிணுக்க, அந்தப் பழைய இடியே உருண்டு வந்தது. சிரிப்பு புரையேறி இருமலாக மாறியது. ஆயரம்மா பதறிப்போனாள். டீச்சரோ ஒரு கையால் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் மலர நின்றாள். இந்த இருமலுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்றாள். தப்பான வழியில் போவதை உதைத்து வெளியே தள்ளும் பலம் தொண்டைக்கு இருக்கிறதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இருந்தது.

"சரி, இதைக் கொட்டிட்டு வேற கலக்கிடலாம்" என்று அவள் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள்.

"கூடாது" என்று மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. இடியின் குரல்தான் ஓங்கி நின்றது.

டீச்சர் கையை இழுத்துக்கொண்டாள். ஆயரம்மா விளக்கினாள். ஜெபித்து ஆசீர்வதித்த பிறகு ஒரு சொட்டுகூடக் கொட்டக் கூடாது, மீதி வைக்கவும் கூடாது, அங்கேயே அந்த ஆட்களே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். டீச்சர் கிண்ணத்தைக் கவனமாகப் பார்த்தாள். இந்த ரப்பர் பந்தை யார் விழுங்குவார்கள், எனக்கே தொண்டை அடைத்துவிடும் என்றாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். இன்னும் ரசம் ஊற்றி இளக்கலாம்.

ஊற்றினார்கள். குட்டிக் கிண்ணம் போதவில்லை, மதிய உணவு வரும் வட்டக் கிண்ணத்துக்கு மாற்றினார்கள். இன்னும் ஊற்றினார்கள். டீச்சர் ஓயாமல் கலக்கினாள். கடைசியில் தேன் பதத்துக்கு வந்தபோது, ஒரே ஒரு கரண்டி என்று பேசி முடித்த திருவிருந்து ஒரு கிண்ணம் நிறைய நின்றது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"நல்ல வேளை, ஜாடி கொண்டாரல" என்றாள் மின்னல்.

ஆயரம்மா கரண்டியில் எடுத்தாள். இப்போது நெற்றியைப் பார்த்தால் காரியம் நடக்காது, கரண்டி மூக்குக்குப் போய்விடும். வாயைப் பார்த்தாள். ஒரு பக்கம் தொய்ந்த உதடு, அதன் ஓரத்தில் பளபளக்கும் ஈரம், உள்ளே வறண்ட நாக்கு. வயிறு ஒரு முறை எழுந்து பார்த்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்கு இப்போது நேரமில்லை. சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லி, கரண்டியை உதட்டுக்குள் வைத்தாள்.

இடி தாடையை நெஞ்சுக்கு இறக்கினார். விழுங்குவதற்காக டீச்சர் சொல்லிக்கொடுத்த அந்தக் குனிவு, பார்ப்பதற்கு ஜெபம் பண்ணுகிறவர் மாதிரியே இருந்தது. வாய் வேலை செய்தது. தொண்டைக் குமிழ் ஏறியது, தயங்கியது. நால்வரின் மூச்சும் அதோடு தயங்கியது. பிறகு இறங்கியது.

அதே நேரத்தில் உதட்டோரத்திலிருந்து சிவப்பாக ஒரு கோடு தாடையில் இறங்கியது. அவருக்கு அது தெரியவில்லை. எல்லோரின் கண்ணும் போன இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். முகம் சுருங்கியது. கை துணியைத் தேடியது.

மின்னல் அவரைவிட வேகம். கட்டைவிரலால் தாடையிலிருந்து உதடு வரை ஒரே இழுப்பில் வழித்து, அந்த விரலைத் தன் வாயில் வைத்துச் சப்பிவிட்டாள். மூன்று பிள்ளைகளுக்கு ஊட்டியவளின் பழக்கம், யோசித்துச் செய்ததில்லை. விரலை எடுத்த பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

"என்ன? கொட்டக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல" என்றாள்.

இடி மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் காதைச் சாய்த்தாள். "குரல் குடுங்க."

அவர் வழக்கமான 'ஆ'வைச் சொல்லவில்லை. "ஆமென்" என்றார். கரகரப்பாக, கொஞ்சம் துருப்பிடித்து, ஆனால் காய்ந்த குரல். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஈரமில்லை என்று தலையசைத்தாள்.

"இன்னும் கிண்ணம் நிறைய இருக்கே" என்றார் இடி. "மீதி வைக்கக் கூடாதுல்ல? எடுங்கம்மா."

அப்படியே நடந்தது. கரண்டி, குனிவு, விழுங்கல், ஆமென். வழிந்தபோதெல்லாம் மின்னலின் கட்டைவிரல் தயாராக இருந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு அவரே அவள் பக்கம் தாடையைக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என்னங்க இத்தனை ஆமென், பெரிய ஜெபமா என்று விசாரித்தார். சாப்பாடுங்க என்று மின்னல் பதில் சொன்னாள்.

கிண்ணம் பாதிக்குக் கீழே வந்தபோது டீச்சர் கை காட்டினாள். தொண்டை களைத்துவிட்டது, இன்றைக்கு இது போதும், போதும் என்பதைவிட எவ்வளவோ அதிகம் என்றாள். நாளை பெரிய டாக்டரிடம் துளை வேண்டாம், பொறுங்கள் என்று தானே சொல்வதாகச் சொன்னாள். மின்னல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இடி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி எதையோ கவனமாகப் பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, தண்ணீர்த் தொட்டிதான்.

மீதி அப்படியே இருந்தது. மின்னல் சில கரண்டிகளை விழுங்கிவிட்டு, பிசின் மாதிரி இருக்கும்மா, இனி நீங்க பாருங்க என்று கிண்ணத்தை ஆயரம்மாவிடம் கொடுத்தாள். மீதியை முடிப்பது கொடுத்தவரின் கடமை. அது எல்லோருக்கும் தெரியும், கமிட்டியில் குட்டிக் கிண்ணங்களை எதிர்த்தபோது இடி அதைத்தான் சொல்லி வாதாடியிருந்தார்.

ஒரே கரண்டிதான் இருந்தது. இடியின் வாய்க்கு அத்தனை தடவை போய் வந்தது, பிறகு மின்னலின் வாய்க்கும். அதன் பள்ளத்தில் சிவப்பாக ஒரு படலம். கழுவிக்கொள்ளலாம், குழாய் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கழுவினால் அந்தப் படலமும் சாக்கடைக்குத்தானே போகும். இப்படி ஒரு நியாயம் தன் மனதில் ஓடுவதை நினைத்து அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. குட்டிக் கிண்ணங்கள் வாங்கிய நாளில், சுத்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு சுலபமாக ஒளிந்துகொண்டோம் என்று நினைத்தாள். ஆத்துமாவுக்கு எச்சில் இல்லை, அதனால்தான் ஆத்துமாவை நேசிப்பது அவளுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

இடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவர்தான் அவள் நெற்றியைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார்.

கரண்டியை வாயில் வைத்தாள். அவள் தாடையை நெஞ்சுக்கு இறக்கினாள், ஏன் என்று தெரியவில்லை, அத்தனை நேரம் பார்த்த பழக்கம். விழுங்கினாள்.

"குரல் குடுங்க" என்றார் இடி.

"ஆமென்" என்றாள்.

"ஈரமா இருக்கே" என்றார் அவர். உண்மைதான், தொண்டையில் இல்லை, கண்ணில். ஆனால் அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"போஸ்டர் ஒட்டற பசை மாதிரி."

"அதைத்தான் இத்தனை நாளா எனக்கு ஊட்டப் பார்த்தாங்க. எனக்கு ஆத்துமாவில ஏதோ கோளாறுன்னு நீங்க வந்து பிரசங்கம் பண்றீங்க."

அவள் கிண்ணத்தை முடித்தாள். ஒவ்வொரு கரண்டியும் முந்தியதைவிடச் சற்றுச் சுலபமாக இறங்கியது. ருசி மட்டும் கடைசிவரை தேறவில்லை. வழக்கப்படி கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தாள். வெள்ளைத் துணியை மடித்தாள். வராந்தாவில் உணவு வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. ஊழியர் ஒரு தட்டை உள்ளே நீட்டினார். மசித்த கேரட் ஒரு குவியல், மசித்த உருளைக்கிழங்கு ஒரு குவியல், பச்சையாக என்னவென்று சொல்ல முடியாத இன்னொன்று. டீச்சர் அதை மூடி வைக்கப் போனாள், அவருக்கு ஓய்வு வேண்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"கொஞ்ச நேரம் கழிச்சு" என்றார் இடி. "சட்டைக்குப் பசிக்குது."

"துவைக்கிறவ நான், எனக்கில்ல தெரியும்" என்றாள் மின்னல்.

அவர் ஆயரம்மாவிடம் திரும்பினார். காலையிலிருந்து நீங்களும் ஒன்றும் சாப்பிடவில்லை, ஜெபத்தின் நடுவில் உங்கள் வயிறு கத்தியது எனக்கு இங்கே கேட்டது என்றார். நேரக்காப்பாளரின் காது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையில் போன் அதிர்ந்தது, கணவன். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் இருக்கும், தினமும் அந்த நேரத்துக்குக் கேட்பான், அவளும் தினமும் ஆச்சு என்று பொய் சொல்வாள்.

எடுத்தாள். "இன்னும் இல்லைங்க" என்றாள். "இப்பத்தான் சாப்பிட உட்காரப் போறேன்."

நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். மின்னல் அவளுக்கும் ஒரு கரண்டி கேட்டு வரப் போனாள். போன வேகத்தைப் பார்த்தால் வார்டில் இருக்கிற கரண்டிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள் போலிருந்தது.